இடுப்பளவுக் கடல்

எங்கள் வீட்டுக்கு வருகிற எல்லாக் காகிதத்துக்கும் வாய் நான்தான். கரண்ட் பில், ரேஷன் ஆபீஸ் நோட்டீஸ், ஆஸ்பத்திரிச் சீட்டு, ஊரிலிருந்து வரும் கல்யாணப் பத்திரிகை, எதுவானாலும் அம்மா அதை அரிசி டின்னின் மேல் வைத்துவிடுவாள். நான் வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் "வாசில" என்பாள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாகப் பார்த்த முதல் ஆள் நான். அதனால் ஆறாம் வகுப்பிலேயே எனக்கு இந்தப் பதவி வந்துவிட்டது.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். காகிதத்தில் இருப்பதை இருப்பதுபோல நான் வாசித்ததில்லை. ஏழாம் வகுப்பில், "உங்கள் மகன் வகுப்பில் ஓயாமல் பேசுகிறான்" என்று ஆசிரியை எழுதி அனுப்பியதை, "உங்க மகன் வகுப்புல அருமையாப் பேசுதான்" என்று வாசித்தேன். அம்மா அதைச் சந்து முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். அதன் பிறகு கை பழகிவிட்டது. அப்பாவின் எக்ஸ்ரே அறிக்கையில், நெஞ்சு சுத்தமாக இருக்கிறது என்றுதான் போட்டிருந்தது. "பீடிய உடனே விடணும்னு போட்டிருக்கு" என்று வாசித்தேன். அப்பா அன்றோடு விட்டார். அந்த டாக்டரை மட்டும் இன்றுவரை திட்டிக்கொண்டிருக்கிறார்.

தாராவியில் எங்கள் சந்தில் மற்றவர்களுக்கும் படிவம் நிரப்பித் தருவேன். அதில் எனக்கென்று ஒரு முறை உண்டு. கட்டத்தைக் காலியாக விடக் கூடாது. நோய் உண்டா என்று கேட்டால் இல்லை. அனுபவம் உண்டா என்று கேட்டால் உண்டு. படிவத்துக்கு எது பிடிக்குமோ அதைப் போட்டால், ஜன்னலுக்குள் இருக்கிறவர் தலையைத் தூக்காமல் முத்திரை குத்துவார். இந்த முறையால் எங்கள் சந்தில் எத்தனையோ பேருக்குக் காரியம் நடந்திருக்கிறது. இதே முறையால்தான் நான் கடலில் முங்கப் பார்த்தேன்.

பம்பாய் செம்பூரில், லிஃப்ட் பராமரிக்கிற ஒரு கம்பெனியில் எனக்கு வேலை. லிஃப்டுக்குள் 'ஆறு பேருக்கு மேல் ஏறாதீர்' என்று ஓர் அட்டை ஒட்டியிருக்குமே, அதுபோன்ற பாதுகாப்புக் காகிதங்களைத் தயாரிப்பதும், ஒட்டிவிட்டார்களா என்று போன் போட்டுக் கேட்பதும் என் பொறுப்பு. எங்கள் மேனேஜர் மோட்டார் பைக் விலையில் ஒரு சைக்கிள் வாங்கினார். வாங்கிய சைக்கிளை நாலு பேர் பார்க்க வேண்டுமே. டிரையத்லான் என்று ஒரு போட்டி வருகிறது, முதலில் கடலில் நீந்த வேண்டும், அடுத்து சைக்கிள், அடுத்து ஓட்டம், மூன்று பேர் ஓர் அணியாகச் சேர்ந்து ஆளுக்கு ஒன்றைச் செய்யலாம் என்று கண்டுபிடித்துக்கொண்டு வந்தார். சைக்கிள் அவர். ஓட்டத்துக்கு என் பக்கத்து மேஜைத் தோழி. அவள் மாட்டுங்காவில் மூன்று தலைமுறையாக இருக்கிற தமிழ்க் குடும்பத்துப் பெண். தினமும் காலையில் ஃபைவ் கார்டன்ஸ் பூங்காவைச் சுற்றி ஓடுகிறவள். நீந்துவதற்குத்தான் ஆள் இல்லை.

சாப்பாட்டு வேளையில் நான் வாயைத் திறந்தேன். "எனக்கு நீச்சல் தெரியும்."

பொய் இல்லை. செம்பூர் முனிசிபல் நீச்சல்குளத்தில் இரண்டு வருடமாகக் காலை ஆறு மணி பேட்ச் நான். போட்டியில் எழுநூற்றைம்பது மீட்டர் நீந்த வேண்டும். குளத்தில் அது முப்பது தடவை. ஒவ்வொரு தடவையும் சுவரைத் தொட்டு, மூச்சு வாங்கி, பக்கத்தில் யார் எப்படித் தத்தளிக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் கிளம்புவேன். முப்பது சுவர் சேர்ந்ததுதான் என் எழுநூற்றைம்பது மீட்டர் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது. நீச்சல்குளம் தவிர, கடல், ஏரி, ஆறு போன்ற திறந்த நீர்நிலைகளில் நீந்திய அனுபவம் உண்டா? என் முறைப்படி 'உண்டு' என்று டிக் அடித்தேன். மனசாட்சி லேசாக முனகியது. ஒரு ஜூலை மழையில், சயான் ஸ்டேஷனிலிருந்து வீடு வரை நெஞ்சளவுத் தண்ணீரில், லேப்டாப் பையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறேன். அதுவும் திறந்த நீர்நிலைதான். மேலே வானம் தெரிந்தது. மனசாட்சி அடங்கிவிட்டது.

தோழி வேறு ரகம். பிஸ்கட் பாக்கெட்டைக்கூட முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை வாசித்துவிட்டுத்தான் பிரிப்பாள். போட்டிக்காரர்கள் ஒரு பத்திரம் அனுப்பியிருந்தார்கள். என்ன நடந்தாலும் பொறுப்பு என்னுடையதே என்று எழுதிக் கொடுக்கிற பத்திரம். பதினான்கு பக்கம். கேன்டீனில் அதைப் போனில் திறந்து வைத்துக்கொண்டாள்.

"டேய், இத வாசிச்சியோ?"

"கையெழுத்துப் போட்டுட்டேன்."

"அத கேக்கலை. வாசிச்சியோன்னு கேட்டேன்."

நான் சப்பாத்தியைக் கிழித்தேன்.

"கேளு. கூட்டமா தண்ணில இறங்கறச்சே மூஞ்சில உதை விழலாம். அலை அடிக்கும். நீரோட்டம் இழுக்கும். சதை பிடிச்சுக்கும். திடீர்னு பயம் வந்து மூச்சு அடைச்சுக்கலாம், நன்னா நீந்தறவாளுக்கும் வரும்னு போட்டிருக்கான். அப்பறம் ஹார்ட். அப்பறம்..." விரலால் பக்கத்தைத் தள்ளினாள். "சாவு. அதுக்குத் தனிப் பத்தி."

"சைக்கிளுக்கு என்ன போட்டிருக்கு?"

"முட்டில சிராய்ப்பு."

தமிழ் தெரியாத மேனேஜர், நாங்கள் ஏதோ உற்சாகமாகத் திட்டம் போடுகிறோம் என்று நினைத்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

"இத பாரு, இதான் முக்கியம்," என்றாள் தோழி. "மூச்சு முட்டினா ஒரு கையைத் தூக்கணும். போட் வரும். போட்டைப் பிடிச்சுண்டு எத்தனை நாழி வேணும்னாலும் ரெஸ்ட் எடுக்கலாம். போட் முன்னால நகரலைன்னா டிஸ்குவாலிஃபை கிடையாது. கௌரவம் பாத்துண்டு முங்கிப் போயிடாதே. நான் ஓடறதுக்கு அங்க நின்னுண்டிருப்பேன்."

"எனக்குக் கை தூக்க வேண்டியிருக்காது."

"உனக்குச் சொல்லலை. உன் கைக்குச் சொல்றேன்."

பத்திரத்தின் கடைசிப் பக்கத்தில், 'வாசித்துப் புரிந்துகொண்டேன்' என்று குடும்பத்தில் ஒருவரும் கையெழுத்துப் போட வேண்டும். அந்தப் பக்கத்தோடு முழுப் பத்திரத்தையும் அச்செடுத்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். அம்மா எழுத்துக்கூட்டித் தன் பெயரை எழுதுவாள். அதற்கு முழுதாக ஒரு நிமிஷம் ஆகும். அதுவரை வீட்டில் யாரும் பேசக் கூடாது. வழக்கமாக நான் விரல் வைத்த இடத்தில் கேள்வி கேட்காமல் போட்டுவிடுவாள். அன்றைக்குப் பேனாவை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, "வாசில" என்றாள்.

"பதினாலு பக்கம்மா."

"அரிசி ஊற இன்னும் நேரம் கெடக்கு. வாசி."

அம்மா வீட்டிலேயே இட்லி அவித்து, சைக்கிளில் கொண்டுபோய் விற்கிற ஆட்களிடம் கொடுக்கிறவள். அரிசி ஊறும் நேரம்தான் அவளுக்கு ஓய்வு. அதை எனக்கு ஒதுக்கிவிட்டாள். தப்ப முடியாது. தரையில் காய்ந்து ஒட்டியிருந்த ஒரு பருக்கையைக் கால் பெருவிரலால் சுரண்டிக்கொண்டே வாசித்தேன்.

"ஆபீஸ்ல எல்லாரையும் விரார்ப் பக்கம் பீச்சுக்குக் கூட்டிட்டுப் போறாங்க. தண்ணியில கொஞ்ச நேரம் வெளாட்டு. பொறவு டிபன். டீ-ஷர்ட்டு தருவாங்க. வாழப்பழம் தருவாங்க."

"பதினாலு பக்கமும் வாழப்பழமா?"

"இங்கிலீஷ்ல அப்படித்தாம்மா. நீட்டி எழுதுவாங்க."

"தண்ணி எம்புட்டு ஆழம்?"

பக்கத்தைப் புரட்டி ஒரு வரியில் விரலை வைத்தேன். "இடுப்பளவு. போட்டிருக்கு பாரு."

அம்மா குனிந்து, கண்ணைச் சுருக்கி, அந்த வரியைப் பார்த்தாள். அது சாவைப் பற்றிய தனிப் பத்தி.

"எந்தலையில கை வச்சுச் சொல்லு," என்றாள். "நெலை இல்லாத தண்ணிக்குப் போக மாட்டேன்னு."

கால் தரையில் ஊன்றும் ஆழம் வரைக்கும்தான் நிலை. அதைத் தாண்டினால் நீந்தத்தான் வேண்டும், அதாவது நான் பெயர் கொடுத்திருந்த காரியத்தைச் செய்யத்தான் வேண்டும். நான் அம்மாவின் தலையில் கையை வைத்தேன். சொன்னேன். உள்ளங்கையில் தேங்காய் எண்ணெய் ஒட்டியது. எங்கள் பக்கத்தில் பெற்றவள் தலையில் அடித்த சத்தியம் பொய்த்தால் என்ன ஆகும் என்பதை யாரும் விளக்கிச் சொல்வதில்லை. சொல்லாமலே தெரியும். அம்மா பேனாவை எடுத்தாள். ஒரு நிமிஷம் யாரும் பேசவில்லை.

அப்பாவுக்குப் பழைய பிளாஸ்டிக்கைத் தரம் பிரிக்கிற பட்டறையில் வேலை. ஒரு டப்பாவைச் சுண்டினால், அதன் சத்தத்தை வைத்தே அது எந்த ரக மால், எத்தனை தடவை உருக்கியது என்று சொல்லிவிடுவார். நான் ஆன்லைனில், யாரோ உபயோகித்த ஒரு மிதவை வாங்கியிருந்தேன். காற்றடித்த ஆரஞ்சு நிறப் பை. கடலில் நீந்துகிறவர்கள் அதை இடுப்பில் கயிற்றால் கட்டிக்கொண்டு பின்னால் இழுத்துப் போவார்கள். படகில் இருக்கிறவர்களுக்கு ஆள் இருக்கும் இடம் தெரியும். முடியாதபோது பிடித்துக்கொள்ளவும் ஆகும். அப்பா அதை எடுத்து முகர்ந்தார். சுண்டினார். மடிப்பில் நகத்தை ஓட்டினார்.

"இது ஒட்டுன மால். வெயில்ல வெந்து கெடக்கு. காத்து நிக்காது."

"போட்டிக்கு இதுதாம்ப்பா வேணும்."

"போட்டிக்கு வேணும்னா இதக் கட்டு. ஒனக்கு வேணும்னா வேற தாரேன்."

மறுநாள் பட்டறையிலிருந்து ஐந்து லிட்டர் சிவப்பு கேன் ஒன்று வந்தது. கழுவி, மூடியை இறுக்கி, கைப்பிடியில் நூல்கயிறு கோத்திருந்தார். என் காதுப் பக்கம் வைத்துச் சுண்டினார். டண் என்றது.

"கேட்டியா? கெட்டி மால். ஆளத் தூக்கும்."

"இடுப்பளவு தண்ணிக்கு எதுக்குப்பா கேனு?" என்று அம்மாவின் காதில் விழும்படி கேட்டேன்.

அப்பா என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். "சும்மா கெடக்கட்டும்," என்றார்.

போட்டி நடந்தது நகரத்துக்கு வடக்கே, விரார் ரயிலில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்துப் போகிற ஒரு கடற்கரையில். கேனை வீட்டிலேயே மறந்ததுபோல வைத்துவிட்டு, ஆரஞ்சுப் பையோடு மட்டும் விடியுமுன் கிளம்பிப் போய்விட்டேன். கொடியசைக்க வேண்டிய பிரமுகர் வரவில்லை. ஒரு மணி நேரத்துக்கும் மேல் காத்திருந்தோம். அந்த நேரத்தில் ஒரு ஷேர் ஆட்டோ வந்து நின்றது. அம்மா இறங்கினாள். கையில் என் லுங்கியும் துண்டும் வைத்த பை. பின்னாலேயே அப்பா. கையில் சிவப்பு கேன்.

ஞாயிற்றுக்கிழமை அது. வாரத்திலேயே இட்லி அதிகம் போகிற நாள். எனக்கு நினைவு தெரிந்து அம்மா ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட அடுப்பு மூட்டாமல் இருந்ததில்லை.

"என்னம்மா இங்க?"

"டீ-ஷர்ட்டு குடுக்காங்கன்னு சொன்னல்லா. பாக்க வந்தேன்."

கடலில் வெகுதூரத்தில் பெரிய மஞ்சள் உருண்டைகள் மிதந்துகொண்டிருந்தன. அம்மா அதையே பார்த்தாள். "அது என்னல?"

"அதச் சுத்திட்டுத் திரும்பி வரணும்."

"அங்கனயும் இடுப்பளவா?"

"ஆமாம்மா. இந்தக் கடல் சமமா இருக்கும். பம்பாய்க் கடல்லா."

குனிந்து பார்த்தபோது என் பெருவிரல் மணலில் ஒரு டம்ளர் அளவுக்குக் குழி தோண்டியிருந்தது.

தொப்பி கொடுக்கிற பெண் பட்டியலில் என்னைத் தேடினாள். முதல் தடவை கடலில் நீந்துகிறவர்களுக்கு வெள்ளைத் தொப்பி. அவர்கள் கடைசியாக இறங்குவார்கள், பக்கத்திலேயே படகு வரும். அனுபவசாலிகளுக்குப் பச்சை. அவர்கள் முதல் வரிசை. நான் டிக் அடித்த 'உண்டு' அங்கே எனக்காகக் காத்துக்கொண்டிருந்தது. பச்சைத் தொப்பியை நீட்டினாள். பிறகு, அப்பா என் இடுப்பில் இரண்டாவதாகக் கட்டிக்கொண்டிருந்த கேனைப் பார்த்து, "யே க்யா ஹை?" என்று, இது என்னவென்று இந்தியில் கேட்டாள்.

"பேக்-அப் ஹை, மேடம்," என்றார் அப்பா.

அவள் சிரித்துக்கொண்டே விட்டுவிட்டாள். என் பக்கத்தில் நின்ற பச்சைத் தொப்பிகளின் உடம்பில் ஆளுக்கு ஒரு பளபளப்பான மிதவை. என் பின்னால் கல்யாணக் கார் போல ஒரு கேன்.

தோழி வந்து காதருகே சொன்னாள். "தண்ணி வத்த ஆரம்பிச்சுடுத்து. வத்தறச்சே வெளில இழுக்கும்னு எட்டாம் பக்கத்துல இருக்கு. கை ஞாபகம் இருக்கோல்லியோ?"

விசில் ஊதியது. தாதர் ஸ்டேஷனில் விரார் ஃபாஸ்ட் ரயில் வந்து நின்றால் எப்படி இருக்குமோ அப்படி ஒரு பாய்ச்சல். லோக்கலில் ஏற எனக்குத் தெரியும். முழங்கையை எங்கே வைக்க வேண்டும், யார் முதுகைப் பற்ற வேண்டும் என்றெல்லாம் தெரியும். ஆனால் லோக்கலில் மூக்குக்குள் தண்ணீர் போவதில்லை. ஒரு குதிகால் என் நீச்சல் கண்ணாடியைத் தள்ளிவிட்டது. இன்னொரு ஆள் என் முதுகின் மேலேயே நீந்திப் போனார், மன்னிப்புக்கூடக் கேட்டார் என்று நினைக்கிறேன். கூட்டம் என்னைக் கடந்து போய்விட்டது. நான் மட்டும் மிச்சம்.

குளத்தில் அடியில் ஒரு நீலக் கோடு இருக்கும். இங்கே டீக்கடைக் கட்டிங் சாய் நிறத்தில் தண்ணீர். நீட்டிய என் கை முழங்கைக்கு அப்பால் தெரியவில்லை. சுவர் எங்கே என்று என் கை பழக்கத்தில் தேடியது. சரி, தரையாவது இருக்கிறதா பார்ப்போம் என்று காலை இறக்கினேன். இல்லை. இன்னும் கொஞ்சம் இறக்கினேன். தலை உள்ளே போய்விட்டது.

மேலே வந்தபோது மூச்சு என் பேச்சைக் கேட்கவில்லை. உள்ளே இழுக்க இழுக்க, தொண்டையோடு நின்று திரும்பிப் போனது. நெஞ்சில் யாரோ உட்கார்ந்த மாதிரி. எனக்கு நீந்தத் தெரியும், கைகால் நன்றாகத்தான் இருக்கிறது, அலைகூடப் பெரிதாக இல்லை. ஆனாலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. தோழி வாசித்த வரிகளில் இதுவும் ஒன்று, ஆனால் கேன்டீனில் அது இத்தனை பெரிதாக இல்லை. அந்த நேரத்தில் எனக்கு வந்த நினைப்பு என் உயிரைப் பற்றியது இல்லை. நிலை இல்லாத தண்ணீருக்கு வந்துவிட்டேன், அம்மாவின் தலைக்கு இப்போது என்ன ஆகியிருக்கும் என்பதுதான்.

ஆரஞ்சுப் பையைப் பிடித்தேன். ஆறிப்போன பூரி மாதிரி சப்பென்று இருந்தது. காற்று நிற்காது என்றார் அப்பா, நிற்கவில்லை. இன்னொரு கயிற்றை இழுத்தேன். கேன் வந்து மோவாயில் இடித்தது. டண். அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். கன்னத்தை அதன் மேல் வைத்துக்கொண்டேன். அது தாழவில்லை. ஆனால் மூச்சு இன்னும் திரும்பவில்லை. ஐம்பது அடியில் ஒரு படகு நின்றது. கையைத் தூக்க வேண்டியதுதான். பச்சைத் தொப்பி போட்டுக்கொண்டு தூக்குவதா என்று அந்த நிலையிலும் ஒரு யோசனை ஓடியது. நல்லவேளையாகத் தோழி எனக்குச் சொல்லவில்லை, கைக்குச் சொல்லியிருந்தாள். கை கேட்டது.

அடுத்து கரையில் நடந்தது தோழி பிற்பாடு சொல்லித் தெரிந்தது. அம்மா என் கையைப் பார்த்துவிட்டு, தானும் இரண்டு கையையும் தூக்கி ஆட்டியிருக்கிறாள்.

"பாத்தியா பிள்ள, எனக்கு டாட்டா காட்டுதான்!"

தோழிக்குப் பொய் வராது. வாசித்தால் முழுதாக வாசிக்கிற பிறவி. "ஆன்ட்டி, அது டாட்டா இல்லை. ஹெல்ப் கேக்கறான்."

"இடுப்பளவு தண்ணியில என்ன ஹெல்ப்பு?"

"அங்க ரெண்டாள் ஆழம் இருக்கும், ஆன்ட்டி."

அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நேராகக் கடலைப் பார்த்து நடந்தாளாம். அப்பா பின்னாலேயே ஓடி, "நில்லுட்டி, போட்டு போயிருச்சு பாரு," என்று முந்தானையைப் பிடித்தாராம்.

படகு வந்துவிட்டது. அதில் விசிலைக் கழுத்தில் மாட்டிய ஒரு கோளி மீனவர். படகுக் கயிற்றை நீட்டினார். பற்றிக்கொண்டேன்.

"க்யா ரே ஹரா டோபி, தக் கயா?" பச்சைத் தொப்பிக்குக் களைப்பா என்று கேட்டார்.

"பெஹ்லி பார்," என்றேன். முதல் தடவை. அன்று காலையில் நான் சொன்ன முதல் உண்மை அதுதான்.

"கிதர் கா?" எந்த ஊர் என்று கேட்டார்.

"தாராவி."

அவர் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டார். "தாராவி மே சமுந்தர் கப் ஆயா?" தாராவிக்குக் கடல் எப்போது வந்தது?

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பதற்கு மூச்சு வேண்டும் அல்லவா, எங்கிருந்தோ அதுவும் வந்தது. நான் சிரித்தேன், இருமினேன், மறுபடி சிரித்தேன். நெஞ்சிலிருந்தவர் எழுந்து போய்விட்டார். படகு ஓரங்குலம்கூட நகரவில்லை, எல்லாம் விதிப்படிதான். போதும் என்று தோன்றும்வரை தொங்கினேன். ஏறிக்கொள்கிறாயா, போகிறாயா என்று அவர் கேட்டார். கரையில் ஒருத்தி ஓடுவதற்கு நின்றுகொண்டிருப்பாள். போகிறேன் என்றேன். அவர் படகின் அடியில் கிடந்த ஒரு வெள்ளைத் தொப்பியை எடுத்து என் மேல் எறிந்தார். இதைப் போட்டுக்கொள், அப்போதுதான் மற்றப் படகுக்காரர்களும் உன் மேல் ஒரு கண் வைப்பார்கள் என்றார். பச்சையைக் கழற்றி அவரிடம் கொடுத்துவிட்டு, வெள்ளையை மாட்டிக்கொண்டேன். தலை லேசானது போல இருந்தது.

கரையில் நின்ற அம்மா தேடிக்கொண்டிருந்தது பச்சைத் தொப்பியை என்பது எனக்கு எப்படித் தெரியும்?

மஞ்சள் உருண்டையைச் சுற்றினேன். பத்து வீச்சு, கேன், மூச்சு. பத்து வீச்சு, கேன், மூச்சு. அதையே சுவராக வைத்துக்கொண்டேன். படகு கொஞ்ச தூரம் தள்ளி வந்துகொண்டிருந்தது. திரும்பும் வழியில் வற்றுகிற கடல் பின்னால் இழுத்தது. எட்டாம் பக்கம். கைகள் தோளோடு கழன்றுவிடும் போல இருந்தன. கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு, எங்கே போகிறோம் என்று பார்க்காமல், தண்ணீரை அடி அடியென்று அடித்தேன். இதோ முடிந்தது, இதோ முங்கப்போகிறேன் என்றுதான் நினைத்தேன். அப்போது தலைக்கு மேலே ஒரு குரல்.

"ஏல! எந்திச்சி நில்லுல!"

நின்றேன். தண்ணீர் இடுப்பளவு இருந்தது.

காத்திருந்த ஒரு மணி நேரத்திலும், நான் உள்ளே தத்தளித்த நேரத்திலும் கடல் வற்றி வெகுதூரம் உள்ளே போயிருந்தது. எனக்கு முன்னாலும் பின்னாலும் ஆட்கள் நடந்து போய்க்கொண்டிருந்தார்கள். நான் ஒருவன்தான் அங்கே நீச்சலடித்துக்கொண்டிருந்தவன். பத்தடியில் அம்மா நின்றாள், இடுப்பளவுத் தண்ணீரில், சேலை தாமரை இலைபோல விரிந்து மிதக்க. பச்சைத் தொப்பி காணாமல் போனதும் அப்பாவின் கையை உதறிவிட்டு உள்ளே வந்திருக்கிறாள். சிவப்பு கேனைப் பார்த்துத்தான் என்னைக் கண்டுபிடித்திருக்கிறாள். முகம் முழுக்க ஈரம். அலையா வேறா என்று கேட்கிற தைரியம் எனக்கு வரவில்லை.

என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு தண்ணீரைப் பார்த்தாள்.

"இடுப்பளவுதான்," என்றாள்.

கரையில் நின்றவர்கள் கைதட்டினார்கள். யாருக்கு என்று சொல்ல முடியாது. நான் ஓடிப்போய்க் கணுக்காலில் கட்டியிருந்த, அணியின் நேரத்தைக் கணக்கிடுகிற பட்டையைக் கழற்றி மேனேஜரிடம் கொடுத்தபோது, சைக்கிள்காரர்களில் மிச்சம் இருந்தது அவரும் இன்னும் இரண்டு பேரும்தான். சைக்கிளை எல்லோரும் நன்றாகப் பார்த்தார்கள். மறைக்க வேறு சைக்கிள் இல்லை. தோழி ஓடி ஏழெட்டுப் பேரைத் தாண்டினாள். டீ-ஷர்ட்டு கொடுத்தார்கள். வாழைப்பழமும் கொடுத்தார்கள். அம்மா பழத்தை உரித்துக்கொண்டே, "இது மட்டும் சரியா வாசிச்சிருக்க," என்றாள்.

திரும்பும் ரயிலில் நாலு பேருக்கும் உட்கார இடம் கிடைத்தது. அப்பாவின் மடியில் கேன். வசாய் தாண்டியதும் அம்மா தோழியிடம் கையை நீட்டினாள். "அந்தப் பதினாலு பக்கமும் ஒம் போன்ல இருக்கா பிள்ள?"

தோழி திறந்து கொடுத்தாள். அம்மா போனை என்னிடம் தள்ளினாள். "வாசில. முழுசா."

வாசித்தேன். உதை, அலை, நீரோட்டம், தசைப்பிடிப்பு. எதையும் கூட்டிக் குறைக்கவில்லை. எதிர் சீட்டில் இருந்த தமிழ்க்காரர் ஒருவர் செய்தித்தாளை மடித்துவிட்டுக் கேட்க ஆரம்பித்தார். மூச்சு அடைப்பது வந்தபோது அம்மா, "இது ஒனக்கு வந்துதா?" என்றாள். வந்தது என்றேன். தலையை ஆட்டினாள். சாவுப் பத்தி வந்தபோது என் குரல் தேய்ந்தது.

"இந்த வரியத்தான அன்னைக்கு வெரல் வச்சுக் காட்டுன?"

"ஆமாம்மா."

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"பொய் சொன்னா ஒன் வலது கால் பெருவிரல் சும்மா கெடக்காதுல. ஏழாங்கிளாஸ்ல டீச்சர் எழுதுனத வாசிச்சியே, அன்னைலருந்து பாக்கேன். அன்னைக்கு டைல்ஸையே பேத்துருப்ப."

தோழி குனிந்து என் காலைப் பார்த்தாள். எதிர் சீட்டுக்காரரும் பார்த்தார். அப்பா மட்டும் பார்க்கவில்லை. பீடி விஷயத்தை இப்போதுதான் யோசிக்க ஆரம்பித்திருந்தார் போல, முகம் ஒரு மாதிரி ஆகியிருந்தது.

"தெரிஞ்சேவா கையெழுத்துப் போட்ட?" என்று கேட்டேன். "அந்தச் சத்தியம் வேற..."

"சத்தியம் பண்ணுனாலாவது நீ பயந்து நிப்பேன்னு பாத்தேன். நிக்கல. எந்தல இருக்கு, பாத்துக்கோ." முந்தானையால் தலையைத் துவட்டினாள். "கையெழுத்து அந்தக் காயிதத்துக்கா போட்டேன்? அன்னைக்கு நீ வாரதுக்கு முன்னாலயே ஒங்கப்பாட்ட அந்தப் பையக் காட்டுனேன். நல்ல கேனு எடுத்தாரேன்னு சொன்னாரு. அவரு சுண்டிப் பாத்து எடுத்தா சரியாத்தான் இருக்கும்னு போட்டேன்."

அப்பா கேனை ஒரு சுண்டு சுண்டினார். போரிவலியில் ஏறிய கூட்டம் ஒரு நொடி திரும்பிப் பார்த்தது.

"எங்கன நிறுத்துன?" என்றாள் அம்மா. "மேல வாசி."

"ஒம்பதாம் பக்கம்," என்றேன். "சொறிமீன். மேல பட்டா எரியுமாம்."

"அது வேறயா?" என்றாள் அம்மா, காலை மடக்கிச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு.